இரண்டு மணப்பெண்கள்

மானக்பூர்,
9 செப்டம்பர் 1969

கோட் உதம் குருத்துவாராவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக விடியற்காலைக் கீர்த்தனம் பாடிவரும் கியானி உஜாகர் சிங் அவர்களுக்கு, அவருடைய மனைவி பசந்த் கௌர், வாஹேகுருவை வணங்கி எழுதிக்கொள்வது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுதுவது மரபு. தற்சமயம் தங்கள் தொண்டையின் நலத்தை மட்டுமே அறிய ஆவல். மற்றவை குறித்து ஆவல் கொள்வதற்கு இன்னும் சில நாட்கள் ஆகும்.

நான் அண்ணன் வீட்டுக்கு வந்து பதினொரு நாட்கள் ஆகின்றன. வந்த அன்றே அண்ணி விசாரணையைத் தொடங்கிவிட்டாள்.

"சண்டையா, சும்மா வந்தியா?"

"சண்டைதான் அண்ணி."

"அடிச்சாரா?"

"இல்ல."

"குடிச்சாரா?"

"அவரு கீர்த்தனம் பாடறவரு."

"அப்புறம் என்னடி சண்டை?"

"கடவுள் ஆம்பளையா இல்லையான்னு."

அண்ணி மத்தைப் பானையிலேயே விட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இதுக்கெல்லாமா பஸ் ஏறி வருவாங்க?" என்றாள். அதற்குள் வெண்ணெய் இளகிவிட்டது. அந்தப் பழியும் என்மேல்தான்.

நடந்ததைத் தாங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். எனினும் எழுதாத வழக்கு நிற்காது என்பதால் எழுதுகிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, பிரிந்துபோன மணவாளராகிய இறைவனை எண்ணி மனைவி ஏங்கும் அடியின் நடுவில் தங்கள் குரல் அறுந்தது. மீஹான் சிங்கின் கை தபலாவுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. நான் இடப்பக்கத்தில், பெண்கள் வரிசையின் கடைசியில், கையில் ஒட்டிய ரொட்டி மாவு இன்னும் காயாமல் அமர்ந்திருந்தேன். அறுந்த இடத்திலிருந்து அந்த அடியை எடுத்துப் பாடி முடித்தேன். வேண்டுமென்று செய்ததன்று, விழப்போகும் குழந்தையைப் பிடிப்பதற்கு யாரும் யோசிப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் தாங்கள் சொன்னது: "சபைன்னா உன் அடுப்படின்னு நெனச்சியா? அத்தன ஆம்பளைங்க முன்னால என் பாட்டப் புடுங்கிப் பாடறியே."

நான் சொன்னது: "உங்க பாட்டா அது? பொண்டாட்டி பாடற பாட்டுல்ல."

தாங்கள் சொன்னது: "மணவாளரான கடவுளே ஆம்பளதான். வாய மூடு."

மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது எழுத்தால் கேட்கிறேன். என் தந்தையார் என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. தம்பி கிழித்தெறிந்த அரிச்சுவடியை ஒட்டிவைத்து, பிசைகிற மாவில் விரலால் எழுதியெழுதி நான் பெற்ற எழுத்து இது. ஆகவே இதற்கு மறுமொழி பெறும் உரிமை எனக்கு உண்டு என்று கருதுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாங்கள் அந்த மேடையில் அமர்ந்து யாருடைய குரலில் பாடிவந்தீர்கள்? மனைவியின் பெருமூச்சு தங்கள் வாயில் வந்தால் பக்தி. மனைவியின் வாயிலேயே வந்தால் அடங்காமை. இது எந்த நியாயம்?

தங்கள் மறுமொழியை எதிர்நோக்கும்,
பசந்த் கௌர்

*

கோட் உதம்,
20 செப்டம்பர் 1969

பாக்கியவதிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கனத்தைப் பார்த்து, "கோர்ட் நோட்டீசா கியானிஜி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

தொண்டை அப்படியேதான் இருக்கிறது. அதிமதுரம், மிளகு, சூடான நெய் எல்லாம் ஆயிற்று. பேசினால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் வருகிறது. மீஹான் சிங் சின்னச் சின்னப் பாடல்களாகப் பாடிச் சமாளிக்கிறான். அவன் தபலாக்காரன். அவன் பாட்டும் தபலா மாதிரிதான் இருக்கிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் பெண்ணாகப் பாடவில்லை. பெண்ணின் நிலையில் நின்று பாடுகிறேன். இரண்டும் வேறு. குருமார்கள் பாடிய குருவாணியில் இறைவன் மணவாளர், உயிர்கள் எல்லாம் மனைவியர். மணவாளர் என்றால் ஆண்தானே? வீட்டுக்கு ஒரு தலைவர் இருப்பதுபோல் சபைக்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறது. நான் சொல்வது இவ்வளவுதான். உன் அளவுக்கு எனக்கு எழுத வராது.

சபைத் தலைமை வகிக்கும் பிரதான் லாப் சிங் குருத்துவாராவின் வாசலில் செருப்பு வைக்கிற இடத்திலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். "என்ன கியானிஜி, உங்க வீட்டுல யாரு கியானி? தெரிஞ்சா அவங்களுக்கே சத் ஸ்ரீ அகால் சொல்லி வணங்கிட்டுப் போறேன்" என்றார். நாலு பேர் சிரித்தார்கள். இதையும் நீ நினைத்துப் பார்க்க வேண்டும்.

எருமை உன்னைத் தவிர யாருக்கும் பால் தரமாட்டேன் என்கிறது.

உஜாகர் சிங்

*

மானக்பூர்,
27 செப்டம்பர் 1969

கியானி உஜாகர் சிங் அவர்களுக்கு,

எருமையின் விசுவாசத்துக்கு என் நன்றியைத் தெரிவியுங்கள். கன்றை முதலில் ஊட்டவிட்டு, பிறகு இடப்பக்கமாக அமர்ந்தால் பால் தரும்.

மணவாளர் என்றால் ஆண்தானே என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் குருத்துவாராவின் பொது அடுக்களையான லங்கரில் ஈஷர் கௌரிடம் இதே கேள்வியை நான் விளையாட்டாகக் கேட்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகளாக அந்த அடுக்களையில் மாவு பிசைகிறாளே, அவளிடந்தான். "நீ கடவுள எப்படிடி கூப்பிடுவ, மணவாளரேன்னா?" என்றேன். அவள் பிசைவதை நிறுத்தாமலே சொன்னாள்: "என் புருஷன் குடுத்த உதையே ஏழு ஜென்மத்துக்குப் போதும். மேல வேற ஒரு புருஷன் எதுக்கு? எனக்கு அவரு அம்மா. அண்டாவத் தூக்கறப்பல்லாம் அம்மான்னுதான் கூப்பிடுவேன். ஒரு நாளும் அண்டா கால்ல விழுந்ததில்ல."

குருமார்கள் ஈஷர் கௌரையும் கண்டு வைத்திருக்கிறார்கள் என்பதே நான் வியந்து வியந்து மாளாத செய்தி. மணவாளர் என்றார்கள். தந்தை என்றார்கள், அதே மூச்சில் தாய் என்றார்கள், உடன்பிறந்தவர், தோழர் என்றார்கள். கணவன் கைவிட்டவளுக்குத் தாயின் மடியும், தாயை அறியாதவனுக்குத் தோழனின் தோளும் இருக்கட்டும் என்று ஒரு வாசலையும் அடைக்காமல் வைத்தார்கள். எந்தக் கருப்பையிலும் பிறவாதவர் அவர் என்று தாங்கள் அன்றாடம் விடியலில் ஓதுகிறீர்கள். பிறவாதவருக்கு உடல் ஏது? உடலில்லாதவருக்கு ஆண் என்றும் பெண் என்றும் குறி ஏது? மணவாளர் என்பது அவருடைய உடலைச் சொன்ன பெயரன்று. நம்முடைய தாகத்தைச் சொன்ன பெயர்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அவர்கள் அரசர்களுக்கு அஞ்சாதவர்கள். தலைப்பாகையும் தாடியுமாக வாழ்ந்தவர்கள். அத்தகைய ஆண்கள் சிறிதும் கூசாமல், "நான் அவருடைய மனைவி, என்னை ஏன் மறந்தார்?" என்று பாடி அழுதார்கள். தம்மைப் பெண்ணென்று சொல்லிக்கொள்வதைத் தாழ்வென்று அவர்கள் நினைத்திருந்தால் அந்தப் பாட்டே பிறந்திராது. உலகத்தில் இவ்வளவு பெரிய மனம் வேறெங்கேனும் உண்டோ, நான் அறியேன். என் படிப்பு குறைவு.

தங்கள் குரலைப் பற்றியும் ஒரு சொல். நாம் சண்டையிட்டிருக்கிறோம் என்பதற்காக அதை மறைப்பது அழகன்று. அந்த ஏக்க அடியைத் தங்களைப்போல் பாடுவார் இந்த மூன்று மாவட்டத்தில் இல்லை. நான் கோபித்துக்கொண்டு வந்திருப்பது தங்கள் பாட்டோடு அன்று.

மருத்துவரிடம் செல்லுங்கள். நெய்யையும் மிளகையும் நம்பியது போதும்.

பசந்த் கௌர்

*

லூதியானா,
16 அக்டோபர் 1969

பாக்கியவதிக்கு,

மீஹான் சிங் இழுத்துக்கொண்டு வந்து இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். தொண்டைக்குள் கட்டி ஒன்று இருக்கிறதாம். அடுத்த வாரம் கத்தி வைப்பார்கள். அதுவரை ஒரு சொல்கூடப் பேசக்கூடாது என்று உத்தரவு. கையில் ஒரு பலகையும் சுண்ணாம்புக்கட்டியும் கொடுத்திருக்கிறார்கள். நீ பயப்படாதே. வரவும் வேண்டாம். எருமையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குப் போனால் போதும்.

பேச முடியாதவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. அதனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அன்று நீ பாடினாய் என்று எனக்குக் கோபம் இல்லை. நன்றாகப் பாடினாய் என்றுதான் கோபம். அந்த ஏக்க அடியில் ஒரு இழுப்பு வரும், மூச்சு முடிகிற இடத்தில். அதை எந்த உஸ்தாத் சொல்லிக்கொடுத்தார் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நான் சிரித்து மழுப்பிவிடுவேன். கல்யாணமான புதிதில் நான் குழுவோடு ஊர் ஊராகப் போய்விட்டு வருவேன். ஒருமுறை சொல்லாமல் மத்தியானத்தில் வந்தேன். நீ உள்ளே தனியாகத் திரிகையில் மாவு அரைத்துக்கொண்டு அந்த அடியைப் பாடிக்கொண்டிருந்தாய். நான் கதவருகில் நின்று முழுவதும் கேட்டேன். அப்புறம் வெளியே போய், அப்போதுதான் வந்ததுபோல் இருமிக்கொண்டு வந்தேன். அந்த இழுப்பு உன்னுடையது. இத்தனை வருடம் சொல்லவில்லை.

இந்தப் பௌர்ணமிக்கு குரு நானக் பிறந்து ஐந்நூறு வருடம் நிறைகிறது. அன்றைக்கு விடியலில் நம் சபையில் நீ பாட வேண்டும். லாப் சிங்குக்கு எழுதிவிட்டேன். "என் மனைவி என் இடத்தில் அமர்ந்து பாட நான் முழுமனதோடு சம்மதிக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். இனி யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. உனக்குச் சந்தோஷம்தானே?

உஜாகர் சிங்

*

கோட் உதம்,
29 அக்டோபர் 1969

அன்புடைய சர்தார்ஜிக்கு,

கத்தி வைத்தது நல்லபடி முடிந்தது என்று மீஹான் சிங் சொன்ன பிறகே இந்தக் கடிதத்தை எழுதத் துணிந்தேன். பதினெட்டாம் தேதியே நம் வீட்டுக்கு வந்துவிட்டேன். தங்களைக் காண வரப் புறப்பட்டபோது மீஹான் சிங் தடுத்தான். "அண்ணி, உங்களப் பாத்தா அவரு பேசாம இருக்க மாட்டாரு. தையல் பிரிஞ்சிரும்" என்றான். அதில் நியாயம் இருந்தது.

திரிகையைப் பற்றித் தாங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன். அதற்கு மறுமொழி எழுதும் மொழி என்னிடத்தில் இல்லை; மொழி இல்லை என்று நான் ஒப்புக்கொள்வது இதுவே முதன்முறை என்பதைக் கவனியுங்கள். ஆயினும் இந்தக் கடிதம் வேறொன்றைக் கேட்க எழுதப்படுவது. கோபிக்காமல் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடா பிரசாதமான கோதுமை அல்வாவை வழங்கிய பிறகு லாப் சிங் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தங்கள் கடிதத்தைச் சபைக்குப் படித்துக் காட்டினார். "நம்ம கியானிஜிக்குப் பெரிய மனசு. அவரே சம்மதிச்சுட்டாரு. புருஷனே சரின்னுட்டா அப்புறம் நமக்கென்ன?" என்றார். ஆண்கள் தலையசைத்தார்கள். ஈஷர் கௌர் மகிழ்ச்சியில் என் தொடையைக் கிள்ளினாள். இன்னும் நீலமாக இருக்கிறது.

நான் எழுந்து நின்றேன். "பிரதான்ஜி, அந்தக் கடிதம் இருக்கற வரைக்கும் நான் பாட மாட்டேன்" என்றேன்.

"என்னம்மா இது? சம்மதம் இல்லேன்னா அழறீங்க, குடுத்தா வேணாங்கறீங்க."

மீஹான் சிங் தபலாவுக்குப் பின்னாலிருந்து, "அண்ணி, தட்டுல விழுந்த ரொட்டியத் திருப்பி அனுப்பாதீங்க" என்று முணுமுணுத்தான்.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால இவரு இந்த ஆர்மோனியப் பெட்டி முன்னால உக்காந்தாரே, அன்னிக்கு எங்கிட்ட சம்மதக் கடுதாசி வாங்கிட்டு வரச் சொன்னீங்களா பிரதான்ஜி?" என்றேன். இடப்பக்கம் முழுவதும் சிரித்தது. வலப்பக்கத்திலும் ஓரிருவர் தாடிக்குள் சிரித்ததைக் கண்டேன்.

சர்தார்ஜி, தாங்கள் அன்பினால் எழுதினீர்கள் என்பதை நான் அறியாதவள் அல்லேன். ஆனால் அந்தக் கடிதத்தின் பேரில் நான் பாடினால், கேட்பவர்கள் குருவின் பாட்டைக் கேட்க மாட்டார்கள். தங்கள் பெருந்தன்மையைக் கேட்பார்கள். அந்த ஏகனுக்கு முன்னால் உயிர்கள் எல்லாம் மணப்பெண்கள் என்றால் தாங்களும் ஒரு மணப்பெண், நானும் ஒரு மணப்பெண். ஒரு மணப்பெண் இன்னொரு மணப்பெண்ணுக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தருவது எந்தத் திருமணத்தில் நடக்கும்?

அருள்கூர்ந்து அந்தச் சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள். பெற்றால் என்ன ஆகும் என்று லாப் சிங் அங்கேயே சொல்லிவிட்டார்: ஜலந்தரிலிருந்து வேறு குழுவை அழைப்பார், அந்த விடியலில் நான் மாவு பிசைந்துகொண்டிருப்பேன். ஐந்நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் விடியல். அந்தப் பெட்டியின் முன் ஒருமுறை அமர வேண்டும் என்று எத்தனை ஆண்டுகள் ஏங்கினேன் என்பதைத் தாங்கள் ஒருவேளை அறிய மாட்டீர்கள். அறிந்தே இழக்கத் துணிந்து கேட்கிறேன்.

பசந்த் கௌர்

*

லூதியானா,
8 நவம்பர் 1969

பாக்கியவதிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதல் மூன்று நாள் கோபத்தில் எழுதவில்லை. கொடுத்ததைத் திருப்பி எறிகிறாளே என்றுதான் இருந்தது. அப்புறமும் எழுதவில்லை. அதற்குக் கோபம் காரணம் இல்லை.

பக்கத்துக் கட்டிலில் ஜைமல் சிங் என்று ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஹவில்தார். ஆறடி உயரம், மார்பு வரை வெள்ளைத் தாடி. காலில் கட்டு மாற்றும்போதெல்லாம், "அம்மா, அம்மா, வாஹேகுரு, அம்மா" என்று கத்துவார். நேற்றுப் பலகையில் எழுதிக் கேட்டேன்: கூப்பிட்டது பெற்றவளையா, வாஹேகுருவையா?

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஏன்யா, வலியில அதெல்லாம் யாரு பிரிச்சுப் பாப்பா? யாரு வருவாங்களோ அவங்களக் கூப்பிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வந்தாங்க" என்றார். அப்புறம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவெல்லாம் இதையே யோசித்தேன். காலையில் லாப் சிங்குக்கு எழுதினேன். அதன் நகல் இது.

"பிரதான் லாப் சிங் அவர்களுக்கு. முன்பு நான் எழுதிய சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். பசந்த் கௌர் பாடுவதில் எனக்கு விருப்பம் இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சம்மதத்தைக் கொடுக்க நான் யாரும் இல்லை. அந்த இடம் ஒருநாளும் என்னுடையதாக இருந்ததில்லை. அவர் வாசலில் காத்திருக்கிற மணப்பெண்களில் நானும் ஒருத்தி. யார் உள்ளே வரலாம் என்று சொல்கிற வேலை ஒருத்திக்கும் இல்லை. உஜாகர் சிங்."

ஒருத்தி என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு வருடம் பாடும்போது நாக்கு ஒரு தடவைகூட நின்றதில்லை. பாடினேனே தவிர அதை நான் நம்பவில்லை என்று இப்போதுதான் தெரிகிறது.

குளிர் வந்துவிட்டது. என் கம்பளியை மீஹான் சிங்கிடம் கொடுத்தனுப்பு.

உஜாகர் சிங்

*

கோட் உதம்,
24 நவம்பர் 1969

என் சர்தார்ஜிக்கு,

நேற்றைய விடியலைப் பற்றி எழுத அமர்கிறேன். முறையாக எழுதுகிறேன், முடிவு வரை முறையாக எழுத முடியுமா என்பது தெரியவில்லை.

தங்கள் கடிதம் கிடைத்த மறுநாளே லாப் சிங் ஜலந்தருக்குப் பஸ் ஏறினார். ஐந்நூறாம் ஆண்டு என்பதால் பஞ்சாப் முழுவதிலும் பாடத் தெரிந்தவர்களை ஊர்கள் தை மாதத்திலேயே பேசி வைத்துவிட்டிருந்தன. கபுர்தலா, ஃபக்வாடா என்று ஐந்து நாள் அலைந்தார். வியாழக்கிழமை மாலை, செருப்பெல்லாம் புழுதியாக, லங்கர் அடுக்களையின் வாசலில் வந்து நின்றார். நான் கடுகுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"எங்கயும் ஆள் இல்லம்மா," என்றார். "ஒரு ஊர்ல தபலா வாசிக்கறவன மட்டும் தரேங்கறான். நம்மகிட்டயே ஒருத்தன் இருக்கானே."

நான் கீரையை ஆய்ந்தேன்.

"நீங்கதான் பாடணும். ஆனா பதிவேட்டுல என்னன்னு எழுதறது? முன்ன கியானிஜி சம்மதம்னு எழுதியிருந்தேன். அத அவரே அடிச்சுட்டாரு. இப்ப யாரு சொல்லி நீங்க பாடறீங்க?"

ஈஷர் கௌர் மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டாள். "ஏன் பிரதான்ஜி, ஜலந்தர்ல அஞ்சு நாள் ஒவ்வொரு பாட்டுக்காரங்கிட்டயும் போயி, உன் பொண்டாட்டி சம்மதிச்சாளான்னு கேட்டுட்டா வந்தீங்க?"

அவர் தோள்பையிலிருந்து பதிவேட்டை எடுத்து, என் முன்னாலேயே எழுதினார். எட்டிப் பார்த்தேன். "கீர்த்தனம்: பசந்த் கௌர்" என்று மட்டும் இருந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. என் பெயர் வேறொருவர் பெயரின் துணையின்றி நிற்பதை அன்றுதான் கண்டேன்.

நேற்று விடியலில் பெட்டியின் முன் அமர்ந்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும்: கர்வத்தோடு அமர்ந்தேன். ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள், எல்லாரும் பாருங்கள் என்று என் முதுகெலும்பே சொல்லிக்கொண்டிருந்தது. முதல் இரண்டு பாடல்கள் அப்படியே போயின. சுருதி பிசகவில்லை, வேறு சிறப்பும் இல்லை. மூன்றாவதில் அந்த அடி வந்தது. எப்போது என்று அறியேன், பாடுகிறவள் பெண் என்பது எனக்கு மறந்துபோயிற்று. பிறகு பாடுகிறவளே மறந்துபோனாள். கண் திறந்தபோது வெயில் விரிப்பின்மேல் வந்திருந்தது. வலப்பக்கத்தில் ஆண்கள் தலைப்பாகையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டு நான் வென்ற வழக்கு, அங்கே கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் குறித்து எனக்கு வருத்தமில்லை.

பிரசாதத்துக்குப் பிறகு மீஹான் சிங் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று அழுவதைக் கண்டேன். "நல்லாத்தானே பாடினேன், எதுக்குடா அழற?" என்றேன்.

"நல்லாப் பாடினதாலதான் அண்ணி. இனிமே இந்தப் பெட்டி உங்களுதுதான். அவரால பாட முடியாது. நாலாம் தேதியே டாக்டர் சொல்லிட்டாரு. கட்டியோட குரலையும் எடுத்துட்டாங்களாம். காத்து மாதிரி ஒரு முணுமுணுப்பு வரும், அவ்வளவுதான். உங்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு பலகையில எழுதி, ரெண்டு கோடு போட்டாரு."

நாலாம் தேதி. தாங்கள் சம்மதத்தைத் திரும்பப் பெற்றது எட்டாம் தேதி.

அந்தக் கடிதத்தை அப்படியே விட்டிருந்தால், நான் எத்தனை ஆண்டுகள் பாடினாலும் அந்த இடம் கியானி உஜாகர் சிங்குடையதாகவே இருந்திருக்கும். குரல் போனாலும் இடம் தங்கியிருக்கும். தங்களிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதை அறிந்துகொண்டே, ஒருத்தி என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். நான் கேட்டது எவ்வளவு பெரியது என்று கேட்டபோது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா என்று என்னைக் கேட்காதீர்கள். குருவாணியைத் தாங்கள் பாடக் கேட்டு நான் வியந்ததுண்டு. தாங்கள் அதுவாக ஆகிக் கண்டது இதுவே முதன்முறை. நான் தங்களை வணங்குகிறேன். கணவர் என்பதற்காக வணங்கவில்லை.

கம்பளியை மீஹான் சிங்கிடம் கொடுக்கவில்லை. நாளை முதல் பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். வார்டில் பாடக்கூடாது என்பார்கள். வெளியே மர நிழலில் அமர்வோம். நான் சுருதி பிடிக்கிறேன். தாங்கள் உதட்டை மட்டும் அசையுங்கள். வாஹேகுருவுக்குக் கேட்கும். பக்கத்தில் இருப்பதால் எனக்கும் கேட்கும்.

பசந்த் கௌர்